ஏழாம் தூணின் பூர்வீகம்

அரபு தேசத்து ஆற்றங்கரை நகரம் ஒன்றில், ஆயிரம் வருஷத்துப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. தொழுகை முடிந்ததும் அதுவே பல்கலைக்கழகமாகிவிடும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தூண். அவர் அதில் சாய்ந்து பாடம் சொல்வார்; மாணவர்கள் சுற்றிலும் பாய் விரிப்பார்கள்.

ஏழாம் தூணுக்குத் தலைக்கனம் அதிகம். பெரிய பெரிய அறிஞர்கள் முதுகு சாய்த்த தூண் அல்லவா! அவர்களுடைய அறிவில் பாதி தனக்குள் இறங்கிவிட்டதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பாலைவனம் கடந்து வந்த தாவூத் என்ற மாணவன், தன் ஈச்சம்பாயை அதன் காலடியில் விரித்தான்.

“நீ எந்த ஊரு?” என்று பாயைக் கேட்டது தூண்.

“தெற்கேங்க. ஒட்டகக் கொட்டில்ல வச்சு முடைஞ்சாங்க.”

“கொட்டில்லேர்ந்து நேரா இங்கியா? நாங்கல்லாம் பரம்பரையா இங்கியே இருக்கிறவங்க. தள்ளிப் போ!”

“தள்ளிப் போனா எம்புள்ளைக்குப் பாடம் காதுல விழாதுங்களே.”

தூணுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தினமும் தன் மேல்பூச்சை உதிர்த்துப் பாயின்மேல் கொட்டியது. தாவூத் கண்ணைக் கசக்கினான், தும்மினான். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

அந்தத் தூணில் சாய்ந்து பாடம் சொல்லும் ஆசிரியர் முன்ஸிர்தான் பயந்துபோனார். “தூண் பழுதாயிடுச்சு போல” என்று கொத்தனார் ரஜபைக் கூட்டிவந்தார்.

ரஜப் அடிப்பக்கத்துக் காரையை முழுக்கக் கொத்தி எடுத்தார். எடுத்தவர் வாயைப் பிளந்தார்.

“உஸ்தாத், இங்க பாருங்க! மீனு, குடம், முதுகு தேய்க்கிற ஆளுன்னு செதுக்கியிருக்கு! இது அக்கரையில இடிஞ்ச குளியல் மண்டபத்துத் தூணு. அங்கேர்ந்து உருட்டிட்டு வந்து நட்டிருக்காங்க.”

தூணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? குளியல் மண்டபமா? பக்கத்துத் தூண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சிரிக்காமல் என்ன செய்யும்? அவற்றின் காரையை இன்னும் யாரும் கொத்தவில்லையே!

“எங்கேர்ந்து வந்தா என்ன, உறுதியா நிக்குதுல்ல? பூசிடுங்க” என்றார் முன்ஸிர்.

“நாளைக்குத்தான் உஸ்தாத், சுண்ணாம்பு ஊறணும்.”

நாளை வரைக்கும் ஊரே பார்க்குமே! தூண் அவமானத்தில் குன்றிப்போனது. எல்லோரையும்விட அந்தப் பாய் என்ன கேட்கப்போகிறதோ என்றுதான் அதற்கு நடுக்கம்.

பாடம் முடிந்தது. தாவூத் பாயைச் சுருட்டி, வழக்கம்போல் தூணில் சாய்த்துவைத்தான். பாய் மெல்லச் சரிந்து, மீனையும் குடத்தையும் மறைத்துக்கொண்டு நின்றது.

தூண் காத்திருந்தது. பாய் ஒன்றுமே கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.