நந்தியாவட்டை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது

அந்தக் காலத்தில் செடிக்கும் வாய் இருந்தது, உப்புக்கும் வாய் இருந்தது. இரண்டும் பேசின. பெரும்பாலும் திட்டின. திட்டு வாங்குகிற மாதிரித்தான் மனிதர்களும் நடந்துகொண்டார்கள்.

கடற்கரை உப்பளம் ஒன்றில் மாசானம் என்று ஒருவன். அவன் பெண்டாட்டி உலகம்மை. பாத்தியில் கட்டிய கடல்தண்ணீர் வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் படிவதை உப்புப் பூக்கிறது என்பார்கள். சும்மா விட்டாலே பூக்கும். மாசானம் விடவில்லை. யாராவது கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உப்புப் பூக்கும், இமை மூடினால் திரும்பத் தண்ணீராகிவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. எங்கே பிடித்தானோ. பார்க்கிற வேலை உலகம்மைக்கு. பனை நிழலில் படுக்கிற வேலை அவனுக்கு.

உச்சி வெயில். எதிரே ஒரே வெள்ளை. அதை முறைத்தபடி அவள் வரப்பில் நின்றாள். கண் சிவந்தது. மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. பிறகு எல்லாம் மங்கியது.

"இங்கேரும், எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

"உப்பு பூத்தாச் சொல்லு."

"கண்ணு போயிட்டா உப்பை வச்சு என்ன செய்ய?"

"கஞ்சியில போடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முகம் கழுவலாம் என்று நல்லதண்ணிக் கிணற்றுக்குத் தடவித் தடவிப் போனாள். கிணற்றடியில் நின்ற நந்தியாவட்டைமேல் போய் மோதினாள். அப்போது அதன் இதழ்கள் நேராக இருந்தன. வாசனை ஊரைத் தூக்கும்.

"ஏளா, மேல வந்து விழுறியே, கண்ணு தெரியலையா?" என்றது செடி.

"தெரியலை. தெரிஞ்சா உன்கிட்ட ஏன் பேச்சு வாங்குறேன்?"

விஷயத்தைக் கேட்டதும் செடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் படுத்திருக்கான், நீ பார்த்துட்டு நிக்கிறியா? கண்ணை மூடு."

"மூடினா உப்புப் பூக்காதாம்."

"நான் பூக்கிறதை எவன் பார்த்துட்டு நின்னான்? மூடுன்னா மூடு."

முகம் கழுவி, செடி நிழலில் படுத்து, கண்ணை மூடினாள். செடி ஈரப் பூ இரண்டை இமைமேல் உதிர்த்தது. குளிர்ந்தது. ஆனால் வாசனை மூக்கில் ஏறி, மறுபடி கண்ணில் நீர் முட்டியது.

"பூ நல்லாத்தான் இருக்கு. இந்த வாசனைதான் தொந்தரவு" என்றாள்.

"தொலையட்டும்" என்று செடி வாசனையை உதறிப் போட்டது. பக்கத்தில் நின்ற தாழை சத்தம் காட்டாமல் எடுத்துக்கொண்டது. இன்றுவரை திருப்பித் தரவில்லை.

எரிச்சல் அடங்கி உலகம்மை தூங்கியும் போனாள். பூ பாதி செய்தது. கண்ணை மூடியிருந்ததே மீதியைச் செய்தது.

பொழுது சாயும்போது மாசானம் எழுந்து வந்தான். பாத்தியைப் பார்த்தானா? இல்லை. பெண்டாட்டி படுத்திருப்பதைத்தான் பார்த்தான்.

"பூ வைக்க வேற இடம் கிடைக்கலையா? என் உப்பெல்லாம் தண்ணியாப் போச்சேளா" என்று அவள் கண்மேல் இருந்த பூக்களைத் தட்டிவிட்டான். அதோடு நிற்கவில்லை. நந்தியாவட்டையின் கிளை ஒன்றைப் பிடித்து முறித்தான்.

செடி துப்பியது. வெள்ளைப் பால். நேராக அவன் கண்ணில்.

மாசானம் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது பாத்தியிலிருந்து உப்புப் பேசியது.

"நான் பூத்து ரொம்ப நேரமாச்சு. வெயிலுக்குப் பூக்கிறவன் நான். உன் பெண்டாட்டி கண்ணுக்கா பூக்கிறேன், மடையா?"

"தாயே, எனக்கும் ரெண்டு பூ" என்று மாசானம் செடியிடம் கையை நீட்டினான். ஒவ்வொரு பூவும் இதழைத் திருகி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

உலகம்மைக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் எரிகிற கண் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு அவன் கண்ணைக் கழுவினாள். முறிந்த கிளையிலிருந்து இரண்டு பூ எடுத்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, பால் போக அலசி, மூடிய இமைமேல் வைத்தாள்.

"மூடிக்கிட்டுக் கிடயும். திறந்தீருன்னா மிச்சப் பாலை நானே ஊத்துவேன்."

"உப்பு?"

"நான் வாருறேன். நாளையில இருந்து அதைப் பார்க்கணும்னா நீரே நின்னு பாரும்."

மறுநாள் யாரும் நிற்கவில்லை. உப்புப் பூத்தது.

முறிந்த கிளையை அவள் வீட்டுக் கொல்லையில் ஊன்றினாள். தழைத்தது. பூத்தது. பேசவில்லை.

அன்று முதல்தான் நந்தியாவட்டைக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது, இதழ் திருகியே பூக்கிறது, ஒடித்தால் பால் துப்புகிறது. கண் பூத்தவர்களுக்கு, மூடிய இமைமேல் வைத்தால் மட்டும் குளிர்கிறது. திறந்த கண்ணோடு அதற்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.