மூன்றாம் முழக்கம்

குன்றிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாத ஒரு காட்டில், பெருமுழக்கன் என்னும் சிங்கம் அரசாண்டு வந்தது. குன்றின் உச்சியில்தான் அவை கூடும். அங்கே எடுக்கும் முடிவைச் சிங்கம் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் முழங்கி அறிவிக்கும். மூன்றாம் முழக்கம் எழுந்துவிட்டால் அம்முடிவை அரசனாலும் மாற்ற இயலாது.

ஒரு கோடைக்காலக் காலையில் முதல் முழக்கம் கேட்டது.

"ஏரிக்கரை நாணல் முழுவதும் பிடுங்கப்படும்! அங்கே மான்களுக்குப் புல் வளர்க்கப்படும்!"

ஏரியில் வாழ்ந்த ஆழி என்னும் நீர்நாய் அதைக் கேட்டுத் தலையை நீருக்கு மேலே நீட்டியது. அது மூழ்கி மூழ்கிக் கரையின் அடிப்பக்கத்தை ஆராய்ந்திருந்தது. கரை வெறும் மணல். அந்த மணலை நாணலின் வேர்களே இறுகப் பிடித்திருந்தன. நாணல் போனால் கரை உடையும். காடே தண்ணீரின்றித் தவிக்கும். கரையிலிருந்த வளையில் ஆழியின் குட்டிகள் வேறு இன்னும் கண்திறவாமல் கிடந்தன.

இதை அது மழைக்காலத்திலேயே கண்டறிந்துவிட்டது. ஆனால் மீன்கொத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தது. 'கண்டறிவது என் வேலை. குன்றேறிச் சொல்வது என் வேலையன்று' என்று இருந்துவிட்டது.

"இப்போதாவது ஏறு, அக்கா! அங்கே பார், யானைகள் ஒரு மூலையில் பிடுங்கவே தொடங்கிவிட்டன!" என்று விரட்டியது மீன்கொத்தி.

ஆழி தன் குட்டைக் கால்களால் உச்சியை அடைவதற்குள் நண்பகலாகிவிட்டது. இரண்டாம் முழக்கம் ஆழியின் தலைக்கு நேர்மேலே இடித்தது.

அமைச்சரான காட்டுப்பன்றி வழிமறித்தது. நாணலுக்கு அடியிலிருந்த கிழங்குகளின்மீது அதற்கு நெடுநாளாகவே கண்.

"அடடா, மீன் நாற்றம் குன்றுவரை வந்துவிட்டதே! என்ன செய்தி?"

"நாணலைப் பிடுங்கினால் கரை உடையும், அமைச்சரே."

"இன்றே உடையுமா? உறுதியாகச் சொல்."

ஆழி தயங்கியது. தான் அறியாத ஒன்றை அது ஒருநாளும் சொன்னதில்லை. "எப்போது என்று சொல்ல இயலாது. உடையும் என்பது மட்டும் உறுதி."

"கேட்டீர்களா, அரசே? எப்போதென்று அதற்கே தெரியவில்லையாம்!"

அவை குலுங்கிச் சிரித்தது. சிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "மான்கள் பசியால் மெலிகின்றன, ஆழி. நீ சொல்லும் வேரும் மணலும் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லையே."

"அப்படியானால், மூன்றாம் முழக்கத்தை ஏரிக்கரையில் நின்று முழங்குங்கள், அரசே. நாணல் பிடுங்கிய மூலையிலேயே நில்லுங்கள். அருகில் நானும் நிற்பேன். கரை தாங்கினால், மீதியை நானே பிடுங்கித் தருகிறேன்."

"அரசர் சேற்றில் கால் வைப்பதா?" என்று சீறியது பன்றி.

"வைத்தால் என்ன? வருகிறேன்" என்றது சிங்கம்.

மாலையில் சிங்கம் அம்மூலையில் ஏறி நின்றது. ஆழியும் அருகில் நின்றது. கதிரவன் சரிந்தான். கரை அசையவில்லை.

"தாங்கிவிட்டது! முழங்குங்கள், அரசே!" என்று பன்றி கரைமேல் துள்ளிக் குதித்தது.

சிங்கம் வாயைத் திறந்தது. அக்கணமே காலடி மணல் பொலபொலவென்று சரிந்தது. சிங்கம் இடுப்புவரை புதைந்தது. பன்றி சேற்றில் உருண்டது. பிளவின் வழியே ஏரி சீறிப் பாய்ந்தது. எழுந்த முழக்கம் சிங்கத்தின் தொண்டையிலேயே இருமலாகிப் போயிற்று.

"யானைகளே! பிடுங்கிய நாணலைக் கொண்டுவந்து அடையுங்கள்!" என்று கத்தியது ஆழி.

யானைகள் நாணலையும் சேற்றையும் திணித்து மிதித்தன. இருள் கவியும் வேளையில் நீர் நின்றது.

புதைந்த மணலிலிருந்து ஏறிவந்த சிங்கம் பிடரியிலிருந்த சேற்றை உதறியது. "சரி, மான்களுக்குப் புல்?"

"மேற்கே தாழ்நிலம் கோடையிலும் ஈரமாகவே இருக்கிறது, அரசே. அங்கே நன்கு வளரும். சென்ற கோடையிலேயே பார்த்துவைத்தேன்."

"அதையும் சொல்லாமல் வைத்திருந்தாயா?" என்று உறுமியது சிங்கம். "இனி அவை இந்தக் கரையில்தான் கூடும். முதல் பேச்சு உன்னுடையது. தவறாமல் வந்து சேர்!"

ஆழி தலைகுனிந்து ஒப்புக்கொண்டு, குட்டிகளைப் பார்க்க வளைக்குள் ஓடியது.

நீதி: அறிந்தவர் அவையேறிச் சொல்ல வேண்டும், ஆள்பவர் நேரில் சென்று பார்த்தபின்பே ஆணையிட வேண்டும்.