வைத்தியசாலையில் படுத்த ராஜா

முன்னொரு காலத்தில் குறும்பாறை நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் நினைத்தால் சிரிப்பார், நினைத்தால் சீறுவார். பாட்டு என்றால் அவருக்கு உயிர். அதனால் வைத்தியம் படிக்கிறவர்களுக்கு வைக்கிற பரீட்சையும் பாட்டாகவே போய்விட்டது. அரண்மனை வைத்தியசாலைக்குத் தலைவரான ஆதிச்ச பண்டிதர் ஆறு வருஷம் சொல்லிக்கொடுப்பார். பிறகு மாணாக்கர்கள் சபையில் நின்று நூறு வைத்தியப் பாட்டுகளைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தவர் கையில் ராஜாவே பொன் காப்புப் போட்டுவிடுவார். அன்று முதல் அவர் வைத்தியர்.

அந்த வருஷம் ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். ஆறாவதாக வந்தவள் நாகாயி. ஒரு மருத்துவச்சியின் மகள், முப்பது வயது. நாலாவது பாட்டில் அவளுக்கு நாக்குத் திக்கியது. ஒரே சொல்லை மூன்று தரம் சொன்னாள். ராஜா சிரித்துவிட்டார். ராஜா சிரித்தால் சபை சும்மா இருக்குமா? எல்லோரும் சிரித்தார்கள். நாகாயி தலையைக் குனிந்தபடி வெளியே போனாள். பண்டிதர் அவளை வைத்தியசாலையில் நோயாளிகளின் துணி துவைக்க வைத்துக்கொண்டார்.

சில மாதம் போனது. மந்திரி சாத்தப்பர் ராஜாவிடம், வைத்தியசாலையில் சாவு கூடிவருகிறது, பரீட்சை முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று சொன்னார். ராஜா தன் பேச்சைவிட மந்திரியின் பேச்சைக் கேட்கிறாரே என்று பண்டிதருக்கு ஏற்கெனவே புகைச்சல்.

"மந்திரிக்கு வைத்தியப் பாட்டில் ஒரு வரியாவது தெரியுமா? காப்புப் போட்ட என் பிள்ளைகளுக்குத் தெரியாத நோய் இந்த நாட்டில் இல்லை" என்றார் பண்டிதர்.

மந்திரி மறுக்கவில்லை. "இருக்கலாம் அரசே. திருவிழாக் கூத்தில் நீங்கள் கட்டாத வேஷம் இல்லை. ஆனால் நோயாளி வேஷம் கட்டினால் அரை நாழிகையில் இவர்கள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று மாலையே மந்திரியைத் தனியாக அழைத்து வேஷத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். மந்திரி ஒரு நெசவாளியின் கதையைச் சொல்லிக்கொடுத்தார். பத்து நாளாக வயிற்றுவலி, வாந்தி. வீட்டில் புளித்த மோரை ஈயம் பூசாத பித்தளைச் செம்பில் ஊற்றிவைத்துக் குடிக்கிறான். செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. நோய்க்கு அதுதான் காரணம். "கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்லாதீர்கள்" என்றார். ராஜா மூன்று நாள் தாடியோடு, அழுக்கு வேட்டியோடு போய்ப் பாயில் படுத்தார்.

ஐந்து வைத்தியர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். நாடியைப் பிடித்தார்கள், கண்ணை மூடினார்கள், பாட்டைச் சொன்னார்கள். ஒருவர் பித்தம் என்றார், ஒருவர் வாயு என்றார், ஒருவர் குடல்புண் என்றார். ஆளுக்கொரு கஷாயம் எழுதினார்கள். பத்தியத்தில் மட்டும் ஐவருக்கும் ஒரே பேச்சு: மோர்ச்சோறு. பண்டிதரும் வந்தார். எந்தப் பாட்டைச் சொன்னாய் என்று மாணாக்கனிடம் விசாரித்துவிட்டுப் போனார். ஒருவரும் ராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வேஷம் ஜெயித்ததென்று முதலில் ராஜாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலாவது ஆள் போன பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

துணி எடுக்கிற ஆள் அன்று வராததால், மத்தியானம் ஆற்றங்கரையிலிருந்து நாகாயியே துணி எடுக்க வந்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சபையில் ராஜாவை அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை; அதனால் அடையாளம் தெரியவில்லை. எப்போதிருந்து வலி என்று கேட்டாள். என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று கேட்டாள். மோர் என்றதும் ஒரு கணம் யோசித்தாள்.

"எதுல ஊத்தி வைப்பீங்க அண்ணே?"

"பித்தளைச் செம்புல."

"ஈயம் பூ... பூசினதா?"

"இல்லை."

"அப்போ அந்த மோர்தான் உங்களைக் கொல்லுது. அதை நிறுத்துங்க. இங்கே மண்சட்டியில கஞ்சி தரச் சொல்றேன்."

அந்தத் திக்கலைக் கேட்டதும் அவள் யாரென்று ராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு தெரிந்த நீ ஏன் காப்புப் போடவில்லை என்று கேட்டார்.

"சபையில பாட்டு வரலை அண்ணே. ராஜா சிரிச்சார். அப்புறம் வாயே வரலை" என்றாள், துணியை மடித்தபடி.

ராஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மந்திரி வந்தபோது ராஜா, "நல்ல நோயாகத்தான் கற்பனை செய்தீர்" என்றார்.

"கற்பனை இல்லை அரசே. போன மாதம் இந்தப் பாயில் மாடப்பன் என்ற நெசவாளி படுத்திருந்தான். இதே ஐந்து பேர் பார்த்தார்கள். பத்தியம் என்று சொன்னதால் அவன் மனைவி தினமும் வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்தாள். பன்னிரண்டாம் நாள் இறந்துபோனான். துக்கம் விசாரிக்கப் போனபோதுதான் செம்பை நான் பார்த்தேன்."

ராஜா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து காப்பையும் போட்டுவிட்ட கைகள்.

மறுநாள் சபையில் நடந்ததை அவரே ஒன்று விடாமல் சொன்னார். நோயாளி பொய் வேஷம் போட்டால் வைத்தியன் என்ன செய்வான் என்று பண்டிதர் முணுமுணுத்தார்.

"கேட்டிருந்தால் அத்தனையும் சொல்லியிருப்பேன் பண்டிதரே. கேட்க ஆள் இல்லை" என்றார் ராஜா. ஐந்து வைத்தியர்களும் தாங்களாகவே காப்பைக் கழற்றி வைத்தார்கள்.

ராஜா நாகாயியை அழைத்து, சிரித்தது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிக் காப்பைப் போட்டுவிட்டார். இனிமேல் கூத்தாடிகள் நோயாளிகளாகப் படுப்பார்கள், மாணாக்கர்கள் கேட்டுப் பார்த்து வைத்தியம் சொல்ல வேண்டும், பரீட்சையை நாகாயி நடத்துவாள் என்று உத்தரவானது. அந்த ஐந்து பேரும் பண்டிதரும் அவளிடம் மறுபடி படிக்க உட்கார்ந்தார்கள்.

அன்றே ராஜா பரிவாரம் இல்லாமல் மாடப்பன் வீட்டுக்கு நடந்துபோனார். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். மாடப்பன் மனைவி காளியம்மை தறியடியில் இருந்தாள். ராஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், மோரைப் பற்றியும் சொன்னார். அவள் தறியிலிருந்து கையை எடுத்தாள்.

"தினமும் நான்தான் கொண்டுபோனேன்" என்றாள். "வைத்தியசாலை வாசல்லயேதான் உட்கார்ந்திருந்தேன் ராஜா. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ராஜா தலை குனிந்து நின்றார். குறும்பாறை நாட்டில் ஒரு ராஜா குடிமகள் வீட்டு வாசலில் அப்படி நின்றது அந்த ஒரு தடவைதான் என்று சொல்கிறார்கள்.