கருப்பட்டி தின்ற காலக்கணக்கர்

கடம்பக்கோட்டை ராஜா சேந்தத்துரைக்குக் கன்று பிடிக்கிற போட்டி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தொழுவத்திலிருந்து ஒரு கன்றை அவிழ்த்து விடுவார்கள். போட்டிக்காரன் குதிரையில் துரத்திச் சுருக்குக் கயிற்றை வீசிப் பிடிக்க வேண்டும். பிறகு இறங்கி, அதைக் கால்நடையாகவே தொழுவத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதுவரை ஒரு குடத்திலிருந்து செம்புக்குள் தண்ணீர் ஒழுகும். யார் செம்பில் தண்ணீர் குறைவோ அவர்தான் ஜெயித்தவர். அரண்மனை மாடுகளெல்லாம் அந்த ஆண்டு முழுக்க அவர் பொறுப்பு.

குடத்தின் அடைப்பைத் திறந்து மூடுவது காலக்கணக்கர் குற்றாலம். ராணியின் தம்பி மயிலேறும்பெருமாள் களத்தில் இறங்கினால் மட்டும் குற்றாலத்தின் கைக்கு ஒரு வியாதி வந்துவிடும். திறக்கும்போது வாதம் பிடிக்கும், மூடும்போது பறக்கும். மூன்று வருஷமாக மச்சினர்தான் ஜெயித்தார். அரண்மனை மாடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற நிலை வந்தது.

நாலாம் வருஷம் சடையக்கோன் என்ற மாட்டுக்காரன் சபைக்கே வந்து நின்றான்.

"மகாராஜா, நான் தோற்றால் பரவாயில்லை. ஆனால் கன்றிடம் தோற்கிறேனா, கணக்கரிடம் தோற்கிறேனா என்று தெரிய வேண்டும்."

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே எழுத்து வேலை பார்த்த திருமலைக்கொழுந்திடம் பார்வையை நிறுத்தினார்.

"கொழுந்து, எனக்கு வேறு காலக்கணக்கர் வேண்டும். யாருக்கும் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது. என் மச்சினனுக்குப் பயப்படக் கூடாது. எனக்கும் பயப்படக் கூடாது. பொங்கலுக்குள் பிடித்து வா. இல்லையென்றால் கன்றுக்குப் பதில் உன்னைத்தான் தொழுவத்திலிருந்து அவிழ்த்து விடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தும் சிரித்து வைத்தார். ராஜாவுக்கே பயப்படாதவன் இந்த ஊரில் எங்கே இருக்கிறான்? கொழுந்துக்கே மச்சினரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குக் கண் மங்கல். ஒருவருக்குக் காசி யாத்திரை. மற்றவர்கள் வீட்டிலேயே இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்து சொன்னார்கள்.

ஒரு காலையில் அவர் வீட்டுக் கன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. கயிறு பால் செம்பில் மாட்டி, செம்பு உருண்டது. மனைவி செண்பகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

"கன்று எப்போ ஓடிச்சுன்னு யாரையும் கேக்க வேண்டாம். பாலே வாசல் வரைக்கும் போய்ச் சொல்லுது."

கொழுந்து துடைக்கப் போன துணியோடு அப்படியே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். செண்பகவடிவுக்குப் பயமாகிவிட்டது.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு களத்தில் புது ஏற்பாடு நின்றது. தொழுவத்துக்கு இரண்டு வாசல். வெளியே போகும் வாசலின் குறுக்கே ஒரு நூல். மறுமுனை குடத்தின் அடைப்பில். கன்று பாய்ந்தால் அடைப்பு கழன்று தண்ணீர் ஒழுகும். உள்ளே வரும் வாசலிலும் ஒரு நூல். கன்று அதை அறுத்ததும் ஒரு பலகை விழுந்து, செம்பை மூடிவிடும்.

"இதில் காலக்கணக்கர் யார்?" என்றார் ராஜா.

"கன்றுதான் மகாராஜா. தானே திறக்கும், தானே மூடும். சொந்தம் அதன் தாயோடு சரி. யாருக்கும் பயமில்லை. சந்தேகமிருந்தால் ஒருமுறை அதட்டிப் பாருங்கள்."

ராஜா அதட்டிப் பார்த்தார். கன்று சாணி போட்டது.

மயிலேறும்பெருமாளும் தலையாட்டினார். கணக்கர் கன்று என்றால், கன்றைக் கைக்குள் போட்டுக்கொண்டால் போயிற்று. தனக்கு எந்தக் கன்று விடப்படும் என்று தொழுவக்காரனை மிரட்டித் தெரிந்துகொண்டார். அன்று முதல் காலையும் மாலையும் மடியில் கருப்பட்டி கட்டிக்கொண்டு போனார்.

பொங்கலன்று போட்டி. சடையக்கோன் முதலில் இறங்கினான். அவன் கன்று களத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. சுருக்கில் மாட்டி, அவனை ஒருமுறை கீழே தள்ளி, ஒருவழியாக வந்து சேர்ந்தது. பலகை விழுந்தபோது செம்பு முக்கால் நிறைந்திருந்தது. கொழுந்து செம்பை எட்டிப் பார்த்தார். இதை மச்சினர் சுலபமாக வென்றுவிடுவார்.

அடுத்து மச்சினர். கன்று வெளியே வந்தது. அவரைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடமே ஓடியது. கயிற்றை வீசக்கூடத் தேவையில்லை, மாலை போடுவதுபோல் கழுத்தில் போட்டார். கூட்டம் வாய் பிளந்தது.

இறங்கி இழுத்தார். கன்று நகரவில்லை. அவர் மடியை முகர்ந்தது. ஊரே பார்க்கிற நாளில் மடியில் கருப்பட்டி எங்கே இருக்கும்? முன்பக்கம் இல்லையென்றால் பின்பக்கம் இருக்குமென்று கன்று அவரைச் சுற்றி வந்தது. கயிறும் கூடவே சுற்றியது. நாலு சுற்றில் மச்சினர் காலோடு கால் கட்டுண்டு மண்ணில் விழுந்தார். கன்று அவர் முகத்தை நக்கியது. அங்கே தண்ணீர் செம்பு நிறைந்து வழிந்தது.

"கன்று ஆளைக் கட்டிப்போட்டுருச்சு," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

நாலு பேர் சேர்ந்து அவிழ்த்துவிட்டார்கள். மச்சினர் முகம் சிவக்க ராஜாவிடம் வந்தார்.

"அத்தான், இந்தக் கணக்குச் செல்லாது. கன்று எனக்குப் பழக்கமானது."

"தொழுவத்துக் கன்று உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கொழுந்து பணிவாகக் கேட்டார். "யாராவது அப்படிச் சொன்னால் நம்புவார்களா?"

"ஏன் நம்பமாட்டார்கள்? மூன்று நாளாக என் கையால் கருப்பட்டி தின்றதை அந்தத் தொழுவக்காரனே பார்த்தான்."

சொன்ன பிறகுதான் மச்சினருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

ராஜா மெல்லக் கொழுந்து பக்கம் திரும்பினார். "அப்படியானால் நீ பிடித்து வந்த காலக்கணக்கரும் கை நீட்டியவர்தானா?"

கொழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"வாங்கினார் மகாராஜா, மறைப்பானேன். ஆனால் வாங்கிய பிறகும் கணக்கை மாற்றவில்லை. கொடுத்தவர் யார் என்பதையும் களத்தின் நடுவே நக்கிக் காட்டிவிட்டார். இப்படி ஒரு அதிகாரி நம் அரண்மனையில் வேறு யார் இருக்கிறார்கள்?"

ராஜா தலைப்பாகை நழுவும்வரை சிரித்தார். மாடுகளின் பொறுப்பு சடையக்கோனுக்குப் போனது. கொழுந்துக்குப் பட்டுச் சால்வையும் ஒரு கறவைப் பசுவும் கிடைத்தன. கன்றுக்கு மாதம் ஒரு கருப்பட்டிச் சிப்பம், மச்சினர் செலவில்.