நழுவிய சேலைகள்

சேலை விற்கவும் ஒரு குரு வேண்டும். சண்முகவடிவுக்கு அது பிரமு அக்கா.

ஆறு வயதுதான் மூத்தவள். இருபத்தேழு வருடத்துக்கு முன், திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வடிவு சேர்ந்தபோது, அவளைப் பக்கத்தில் நிறுத்தித் தொழில் சொல்லிக்கொடுத்தாள். முந்தியை எந்தத் தோளில் போட்டுக் காட்டுவது, விலை கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் அடுத்து எதை எடுப்பது, எல்லாம் அவளிடம் கற்றதுதான். ஒரு சேலைக்கு வந்தவர்கள் மூன்றோடு போவார்கள். அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை. கை நழுவும். சாயங்காலம் நாலு மணியானால் அடுக்கோடு சேலைகள் கீழே சரியும்.

"கையில எண்ணெயா தடவியிருக்க?" என்று சூப்பர்வைசர் கத்துவார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "வடிவு, உக்காந்து மடி" என்பாள்.

அந்தத் திட்டுக்காக வடிவு எத்தனையோ நாள் அக்காவுக்காக வருத்தப்பட்டிருக்கிறாள்.

இப்போது வடிவுக்குத் தென்காசியில் சொந்தக் கடை. அக்கா வேலையை விட்டுவிட்டாள். ஒரு புதன்கிழமை மதியம் வடிவைப் பார்க்கக் கடைக்கு வந்தாள். பத்து மாதமாக எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டு வடிவு பத்தொன்பது கிலோ இறங்கியிருந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, பாதி ஆள எங்க விட்டுட்டு வந்த?"

வடிவு சிரித்தாள். ஆனால் உள்ளே சேலைப் பெட்டிகள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனதும் சிரிப்பு போய்விட்டது. சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். ஆடுசதையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நீலமும் சிவப்புமாகச் சிலந்தி வலை கட்டியதுபோல் மெல்லிய நரம்புகள்.

"ஊசிதான் இதக் கொண்டாந்துட்டுன்னு பயந்துட்டேன்க்கா. டாக்டர் இல்லைங்காங்க. முன்னாடியே இருந்திருக்கும், கொழுப்பு மூடியிருந்துச்சு, இப்ப வெளிய தெரியுதுங்காங்க."

"முன்னாடின்னா?"

"வருசக்கணக்கா நின்னே வேலை பாத்தீங்களான்னு கேட்டாங்க."

திருநெல்வேலிக் கடையின் பளிங்குத் தரை இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது மணி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உட்காரலாம். சுவரில் முதுகு சாய்ந்தால்கூட வசவு. ஆனாலும் என்ன சிரிப்பு சிரித்தோம் என்று வடிவு நினைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"மெல்லிசு ஊசியில மருந்து ஏத்தினா நரம்பு சுருங்கி, கொஞ்ச நாள்ல மங்கிப் போகுமாம். அப்புறம் காலுக்கு இறுக்கமா ஒரு உறை மாட்டிக்கணும். நாள் பூரா நின்னா திரும்பப் புதுசா வருமாம். எனக்கென்ன, இப்ப சேர்லதான இருக்கேன். நீங்களும் காட்டுங்க, சேந்தே போவோம்."

பிரமு அக்கா தன் சேலையைத் தூக்கினாள். கணுக்காலிலிருந்தே தொடங்கியிருந்தது. நூல் போன்ற நரம்புகள் கொஞ்சம்தான். மற்றவையெல்லாம் கயிறு போலப் புடைத்துச் சுருண்டிருந்தன.

வடிவு பதறிப்போனாள். "என்னக்கா இது! நாம ரெண்டு பேரும் ஒரே தரையிலதான நின்னோம்? எனக்கு இம்புட்டு, உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

அக்கா பதில் சொல்வதற்குள் வடிவு கண்ணாடிக் கதவு வழியே கடையைப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது.

"பாருங்க, மறுபடியும் உக்காந்திருக்கா. பேச்சித்தாய்னு பேரு. நாப்பது வயசாகுது, ரெண்டு பிள்ளைங்க, பாவம்னு சேத்தேன். மூணு தடவை சொல்லியாச்சு. இன்னையோட அனுப்பிரப் போறேன்."

"ஸ்டூலு அதுக்குத்தான போட்டிருக்க?"

"அது வேலை பாக்குறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்கள்லா, அதுக்காக வச்சது. உக்காந்திருந்தா கடை தூங்குற மாதிரி இருக்குக்கா."

கடையில் ஆறு ஸ்டூல்கள் இருந்தன. ஐந்தின் மேல் சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆறாவதிலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு அதில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். வடிவு கதவைத் திறந்ததும் அலறிப்புடைத்து எழுந்து, பெட்டிகளைத் திரும்ப ஸ்டூலில் அடுக்கினாள்.

பிரமு அக்கா நேரே அவளிடம் போனாள்.

"அந்தப் பச்சை அடுக்கை எடும்மா, பாப்போம்."

பேச்சித்தாய் எடுத்துக் கொடுத்தாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு சேலையைக்கூடப் பிரிக்கவில்லை. அடுக்கு அப்படியே தரையில் சரிந்து, பட்டெல்லாம் குலைந்து பரவியது.

"ஐயோ அக்கா!" வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் உங்க கை சரியாகலையே!"

அக்கா பேச்சித்தாயின் தோளைத் தொட்டாள். "உக்காந்து மடிம்மா. அவசரமில்ல."

பேச்சித்தாய் முதலாளியம்மாவைப் பார்த்தாள். பிறகு பயந்து பயந்து தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டியதும் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அக்கா அவளுக்கு முன்னால் நகர்ந்து, வாசலிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் தெரியாதபடி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிற்பை வடிவு பார்த்திருக்கிறாள். நாள்தோறும் நாலு மணிக்குத் தரையில் உட்கார்ந்து மடித்தபடி, கீழேயிருந்து பார்த்திருக்கிறாள். மகள் தன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது சேலைகள் ஒரு நாளைக்கு மூன்று தடவை விழுந்தன.

"அக்கா," என்றாள். "அப்போ அந்தக் கடையில..."

பிரமு அக்கா விரித்த சேலையைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"என் கையிலருந்து ஒரு சேலைகூட தானா விழுந்ததில்ல, வடிவு."

வடிவு பக்கத்திலிருந்த ஸ்டூலின் மேலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.