வடலிக்குப் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. வாழையும் தென்னையும் பனையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடும். இத்தனை பேச்சு இருந்தும் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் கஞ்சத்தனம். எந்த மரம் ஈன்றாலும் அதன் குட்டிக்குக் கன்று என்ற ஒரே பெயர்தான்.

காற்றுக்கு நகரும் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் ஓரத்தில் சொர்ணத்தாய் என்றொரு பெண் தோட்டம் போட்டிருந்தாள். கிணற்றடியில் வாழை, வீட்டுக்குப் பின்னால் தென்னை, எல்லைக்கு அப்பால் வெறும் செம்மணலில் ஒரு பெண்பனை. சொர்ணத்தாய் நல்ல மனசுக்காரி. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். கன்று என்றால் தோண்டி எடுக்க வேண்டும், தோட்டத்துக்குள் நட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் யோசிக்க மாட்டாள்.

அந்த ஆண்டு பனம்பழம் விழுந்து, கொட்டைகள் மணலில் புதைந்து கிடந்தன. சொர்ணத்தாய் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"பனையம்மா, எல்லாக் கன்னும் தோட்டத்துக்கு வந்துட்டு. ஒன்னோடதுவள மட்டும் காணலியே?"

"மண்ணுக்குள்ள இருக்குவ தாயி. இன்னும் தலையக் காட்டல."

"இருட்டுக்குள்ள கெடந்தா எப்பிடி வளரும்? நான் எடுத்துட்டுப் போறேன்."

பனை தடுப்பதற்குள் அவள் வெட்டி இழுத்துவிட்டாள். கையில் வந்தது வெள்ளை வெளேரென்று ஒரு கிழங்கு. மரமாக வேண்டியது, அவித்துத் தின்கிற பண்டமாகிவிட்டது. பெற்றவளுக்கல்லவா தெரியும் அந்த வலி!

"போதும் தாயி!" என்று கத்தினாள் பனை. "மத்ததுவளத் தொடாத. எங்க சாதி மொதல்ல கீழ போகும், பெறவுதான் மேல வரும். ஒந் தண்ணியும் வேண்டாம், வேலியும் வேண்டாம். ஒன்னயத் தோண்ட வச்ச அந்தக் கன்னுங்கிற பேரும் வேண்டாம்!"

சொர்ணத்தாய்க்குச் சுருக்கென்றது. நல்லது செய்ய வந்தவள்தானே அவளும். "பேரே இல்லாம வளருமாக்கும்? செத்துப்போச்சுன்னா எங்கிட்ட வந்து அழப்படாது, ஆமா" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"மதினிக்குத் தலைக்கனம். ஒசரமா இருக்காள்லா!" என்று வாழை சிரித்தது. தென்னையும் சேர்ந்துகொண்டது. பனை வெளியே வீறாப்பாக நின்றாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரே நடுக்கம். தன் வாயாலேயே குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டோமோ என்று தினமும் மணலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அதற்குப் பிறகு மழை ஏமாற்றியது. கோடை போய் இன்னொரு கோடை வந்தது. கிணற்றில் சேறுதான் மிச்சம். வாழை தன் தண்டில் இருந்த ஈரத்தைத் தன் காலடியில் புதிதாக முளைத்து ஒட்டி நின்ற குட்டிகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றியது. பசுவின் மடியை விட்டு நகராத கன்றைப் போல அவையும் அம்மாவைவிட்டு அசையவில்லை. தாயைவிட்டுத் தள்ளி நட்ட தென்னங்குட்டிக்கு யார் கொடுப்பார்கள்? சொர்ணத்தாய் தான் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரில் பாதியை அதன் தலையில் ஊற்றினாள். "நீ நான் பெறாத பிள்ளை. ஒனக்குத் தராம நான் குடிப்பனா?" என்று அதன் குருத்தைத் தடவிக்கொடுத்தாள்.

பனையின் குழந்தைகளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவை மண்ணுக்குள் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஓசையில்லாமல் ஒன்றிரண்டாக விறைத்த ஓலைகள் மணலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தன. பனைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆடிக்காற்று பிறந்தது. தேரி மணல் சும்மா இருக்குமா? மலை நகர்வது போலத் தோட்டத்தைப் பார்த்து நகர்ந்தது. ஊளையிட்ட காற்றில் வீட்டைவிட்டுத் தலையை நீட்ட முடியவில்லை. காற்று அடங்கியதும், எல்லாம் மூடிப்போயிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டே ஓடினாள் சொர்ணத்தாய்.

தோட்டம் அப்படியே இருந்தது. எல்லைக்கு அப்பால், இடுப்பளவு மணலில், கருக்கு மட்டைகளை விரித்துக்கொண்டு வரிசையாக நின்றன பனையின் குழந்தைகள். அத்தனை மணலும் அவற்றின் முதுகுக்குப் பின்னால் கரை கட்டி நின்றது. ஒன்றுகூடச் சாயவில்லை.

"ஒரு சொட்டு ஊத்தலியே நான்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. அம்மா காலடியில் ஒட்டி நிற்காததை எப்படிக் கன்று என்பது? தான் வளர்க்காததைப் பிள்ளை என்று கொஞ்ச அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? யோசித்துக்கொண்டே நின்றவள் வாயில், எங்கிருந்தோ ஒரு சொல் வந்தது.

"வடலி" என்றாள்.

மேலே ஓலை அசைந்தது. "இன்னொருக்கச் சொல்லு தாயி" என்றாள் பனை.

"வடலி! ஒன் மக்கமாரு வடலிக, பனையம்மா!" என்று தேரி முழுக்கக் கேட்கும்படி சொர்ணத்தாய் கத்தினாள். பெருமை தாங்காமல் பனையின் ஓலை அத்தனையும் கலகலத்தது. வாழையும் தென்னையும் தலையைத் தாழ்த்திக்கொண்டன.

அன்று முதல்தான் வாழைக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி என்று ஆளுக்கொரு பெயராயிற்று. வாழைக்கன்றைத் தாய் பார்த்துக்கொள்ளும், தென்னம்பிள்ளையை நாம் பார்த்துக்கொள்கிறோம், ஆடிக்காற்று அடிக்கும்போது நம்மை வடலி பார்த்துக்கொள்கிறது.