உருவிய நாடாக்கள்

ஒரு பெண் வாரிசுச் சான்று மனுவோடு கொடுத்த கல்யாண ரசீது தாலுகா ஆபீஸில் தொலைந்துபோனது. முப்பது வருஷத்துக்கு முன் கோயிலில் கொடுத்தது. அவள்தான் மனைவி என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. புருஷன் செத்ததும், "நீ யாரு?" என்று கேட்டுக் கொழுந்தன் வீட்டைப் பூட்டிவிட்டான்.

தொலைத்தவர் தெய்வநாயகம். அங்கே முப்பது வருஷ கிளார்க். ஞாயிறுதோறும் சிற்பி செண்பகவல்லியிடம் பாடம் கேட்பவர். அவள் அவருக்கு மகள் வயசு. அதனால் என்ன?

குண்டூசி, கிளிப், ஃபைல் கட்டும் நாடா. மூன்று மாசமாக இவற்றால் ஓர் ஆளைச் செய்தார். மேஜையில் தலை கவிழ்ந்த ஆள். அடுத்த வாரம் கண்காட்சி.

"என்ன பேர் வைக்கலாம் டீச்சர்? 'சலிப்பு'ன்னு வைக்கவா?"

அவள் சுற்றிவந்து பார்த்தாள். "நாடா எல்லாம் பழசா இருக்கே."

"புது நாடாவில அலுப்பு வராது டீச்சர். ரெக்கார்டு ரூம்ல உருவினேன். எல்லாம் செத்த ஃபைல்."

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

"மேல இருந்த தூசி." சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை சிற்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

வராந்தாவில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"இன்னும் கிடைக்கலை. அடுத்த வாரம் வாம்மா," என்றார் தெய்வநாயகம்.

"பதினோரு வாரமாச்சு. உங்க அடுத்த வாரத்துக்கு ஆயுசு கெட்டி சார்."

செண்பகவல்லி ரெக்கார்டு ரூமை எட்டிப் பார்த்தாள். கட்டு அவிழ்ந்த தாள்கள், தரையெல்லாம். சிற்பத்தின் முதுகிலிருந்து ஒரு நாடாவை இழுத்தாள். ஆள் சரிந்தான்.

"டீச்சர்! கண்காட்சி!"

நாடாவை அவர் கையில் வைத்தாள். "கட்டுங்க."

தாள்களை வராந்தாவுக்கு அள்ளி வந்தார். மத்தியானம் வரை ஒவ்வொன்றாகப் படித்தார். கிடைக்கவில்லை. ரசீதின் மசி எப்போதோ வெளுத்திருந்தது.

அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். எழுத்துத் தெரியாதவள். ஒவ்வொரு தாளாகத் தடவினாள், ஒதுக்கினாள். வெயில் இறங்கும்போது ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதுதான். எட்டா மடிச்சு சுருக்குப்பையில வெச்சிருந்தேன். புகையிலை வாசம் இன்னும் போகலை."

தெய்வநாயகம் கட்டினார். அதை முதலில், அவள் மனு எண் போட்ட அட்டைக்குள். பிறகு மற்றதை எல்லாம். கடைசி நாடாவும் தீர்ந்தது. குண்டூசிகள் மட்டும் கிடந்தன.

"பீடம் காலியா இருக்கும் டீச்சர். பேர் எழுதற அட்டையை என்ன பண்ண?"

"எழுதுங்க. அந்தம்மா பேர் என்ன?"

பதினோரு வாரம். அவர் கேட்டதே இல்லை. கட்டிய ஃபைலின் மேலட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

சுடலைவடிவு.